ஜப்பான் ஜாடிக்குப் பெயர் வெட்டிய கதை

பாத்திரத்தில் பெயர் வெட்டுவது என் தொழில். ஒரு சின்னச் சுத்தியல், நாலைந்து உளி, முட்டுக்கொடுக்க ஒரு மரக்கட்டை, உட்கார ஒரு சாக்கு. இதற்கு மேல் எனக்குச் சொத்து கிடையாது. மற்ற மாதங்களில் புதுக்கோட்டையில் ஒரு பாத்திரக்கடை வாசலில் உட்கார்ந்திருப்பேன். கல்யாண மாதங்களில் ஊர் ஊராகக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். பெண்ணுக்குச் சீர் கொடுக்கிற வீட்டுக்குச் சமையல்காரர் வருவதற்குப் பத்து நாள் முன்னாலேயே நான் போய்ச் சேர்ந்துவிடுவேன். அதனால் கல்யாண வீட்டில் இருந்தும் எனக்குக் கிடைப்பது பெரும்பாலும் பழைய சோறுதான்.

பெயர் என்றால் முழுப்பெயர் இல்லை. பெண்ணின் ஊருக்கு ஓர் எழுத்து, அப்பாவுக்கு ஓர் எழுத்து, பெண்ணுக்கு ஓர் எழுத்து. மூன்று எழுத்து இருந்தால் அந்தப் பாத்திரம் அவளுடையது. இல்லாவிட்டால் யார் எடுத்தாலும் கேட்க முடியாது. ஒரு விசேஷத்துக்கு இரவல் போன அண்டா திரும்பி வர வேண்டுமென்றால் அதன் கழுத்தில் எழுத்து இருக்க வேண்டும். எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு இந்த விஷயத்தில் சாமியைக் கூட நம்ப முடியாது. கோவிலுக்குக் கொடுக்கிற குத்துவிளக்கிலும் எழுத்து வெட்டித்தான் கொடுப்பார்கள்.

நான் வெட்டாத சாமான் இல்லை. தேங்காய்த் துருவிக்கு வெட்டியிருக்கிறேன். பாக்குவெட்டியின் இரண்டு கைப்பிடியிலும் தனித்தனியாக வெட்டியிருக்கிறேன். ஆணி கழன்று இரண்டாகிவிட்டால் ஆளுக்கொரு பாதியை எடுத்துக்கொண்டு போய்விடுவார்களாம். ஒரு பெரியவர் என் முன்னால் வந்து உட்கார்ந்து, வாயைத் திறந்து, தங்கப்பல்லைக் காட்டி, “இதுல ஒரு எழுத்தாச்சும் விழுமா?” என்று கேட்டார். அவர் விளையாட்டுக்குக் கேட்டாரா நிஜமாகவே கேட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வாயை மட்டும் ரொம்ப நேரம் மூடவில்லை.

நான் கோபக்காரன் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அது உண்மைதான். எழுத்து வெட்டிக்கொண்டிருக்கும்போது யாராவது பக்கத்தில் நின்று “கொஞ்சம் சாஞ்சிருக்கோ?” என்று கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் எழுத்து சாயாது. சாய்ந்து பார்க்கிறவர்களுக்குத்தான் அப்படித் தெரியும்.

யுத்தம் பர்மாவுக்கு வருவதற்கு இரண்டு மூன்று வருஷம் முந்தி, ஆவுடையார்கோவிலுக்குக் கிழக்கே ஒரு பெரிய விவசாயக் குடும்பத்தில் கல்யாணம். பெண்ணின் தாயார் ஆளனுப்பி என்னை வரச்சொன்னார். அந்த வீட்டுக்கும் அவர்கள் உறவில் பத்துப் பதினைந்து ஊருக்கும் நான்தான் வழக்கமாக வெட்டுகிறவன். போய் இறங்கின அன்றே அந்த அம்மாள் எனக்கு ஒரு சத்தியம் வாங்கிக்கொண்டார்.

“ஆசாரியாரே, எழுத்து இல்லாத ஒரு கரண்டி கூட இந்த வாசலைத் தாண்டப்படாதுங்க. ஆமா, சொல்லிட்டேன்.”

அவர் அப்படிச் சொல்லக் காரணம் உண்டு. அவர் கல்யாணமாகி வந்தபோது கொண்டுவந்த வெண்கலச் சொம்பு ஒன்றில் எழுத்து விட்டுப்போயிற்று. வந்த மூன்றாம் நாள் அந்தச் சொம்பை அவருடைய ஓரகத்தி, அதாவது கணவரின் அண்ணன் மனைவி, தன் சொம்பு என்று எடுத்துக்கொண்டார். இருபது வருஷமாக அடுத்த வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து, இந்த அம்மாள் பார்க்கும்படியாகவே, அதில் தண்ணீர் குடிக்கிறார். அந்தச் சொம்பில் எழுத்தை விட்டவன் நான் இல்லை. அது எனக்கு முந்தின ஆசாரி. இதை அந்த வீட்டுக்குப் போகும்போதெல்லாம் நான் ஞாபகப்படுத்துவது வழக்கம்.

எட்டு நாள் வேலை நன்றாகப் போயிற்று. அண்டா, குண்டான், தவலை, தாம்பாளம், இட்லிக் கொப்பரை, எண்ணெய்த் தூக்கு, எச்சில் பணிக்கம் வரை முடித்தாகிவிட்டது. ஒன்பதாம் நாள் காலையில் அந்த அம்மாளும் அவருடைய நாத்தனாரும் ஒரு மரப்பெட்டியை இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நாத்தனார் என்றால் கல்யாணப் பெண்ணுக்கு அத்தை. மூக்குப்பொடி போடுகிற வழக்கம் உள்ளவர். அவர் மகள் கல்யாணத்துக்கும் நான்தான் வெட்டினேன்.

“ரங்கூன்லேருந்து எந்தம்பி அனுப்பிச்சிருக்கு” என்றார் அந்த அம்மாள். “ஜப்பான் சாமானாம். தாய்மாமன் சீரு.”

“ஜப்பானா?” என்றார் அத்தை. “போன திருவிழாவுல ஒரு ஜப்பான் சீப்பு வாங்குனேன். ரெண்டே நாள்ல பல்லெல்லாம் கொட்டிப்போச்சு. எனக்கே இன்னும் ஒரு பல்லு விழல.”

பெட்டிக்குள் வைக்கோல். வைக்கோலுக்குள் துணி. துணியைப் பிரித்தால் ஒரு ஜாடி.

எனக்கு நல்ல சாமானைப் பார்த்தால் முதலில் கோபம்தான் வரும். அன்றைக்கும் வந்தது. முழங்கை உயரம் இருக்கும். கருநீலம். கருநீலம் என்றால் ஆழமான கிணற்றுத் தண்ணீர் போல உள்ளே உள்ளே போகிற நீலம். மேலேயிருந்து சரக்கொன்றை மாதிரி கொத்துக் கொத்தாகப் பூ தொங்குகிறது. ஆனால் மஞ்சள் இல்லை, ஊதா. கீழே இரண்டு குருவி. ஒரு குருவி பூவைப் பார்க்கிறது, இன்னொன்று அந்தக் குருவியைப் பார்க்கிறது. ஒவ்வொரு இதழையும் சுற்றி முடி போல ஒரு வெள்ளிக்கோடு. விரலால் தடவினேன். கோடும் தட்டுப்படவில்லை, பூவும் தட்டுப்படவில்லை. முழுக்க வழுவழுப்பு.

நகத்தால் சுண்டினேன். பீங்கான் சத்தம் இல்லை. உள்ளே செம்பு! செம்பின் மேல் வெள்ளிக்கம்பியை வளைத்து வளைத்து நிறுத்தி, நடுவே கலர்க் கண்ணாடியை உருக்கி ஊற்றி, தேய்த்துச் சமமாக்கியிருக்கிறான் என்று புரிந்தது. எப்படி அந்தக் கம்பியை வளைத்தான், எதனால் பிடித்தான், எத்தனை நாள் உட்கார்ந்தான் என்பது புரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அவனைத் திட்டினேன்.

“என்னங்க ஆசாரியாரே, சாமியா கும்பிடுறீங்க? வெட்டுங்க” என்றார் அந்த அம்மாள்.

“இது வெட்டுற சாமான் இல்லீங்க ஆத்தா. மேல பூரா கண்ணாடி. உளிய வச்சுத் தட்டுனா பொரிஞ்சு விழுந்துரும்.”

“அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. எழுத்து இல்லாம இது போகாது. நாளைக்கு அவ மாமியா வீட்டுல எவளாச்சும் எடுத்துக்கிட்டு, இது என்னோடதும்பா.”

எங்கேயாவது உளி வைக்க இடம் இருக்கிறதா என்று பார்க்க ஜாடியைத் தலைகீழாகத் திருப்பினேன். அடியில் நடுவே ஒரு சின்னக் கட்டம். கட்டத்துக்குள் அதே வெள்ளிக்கம்பியால் மூன்று எழுத்து. அது என்ன பாஷை என்று எனக்குத் தெரியாது. ஆனால் எழுத்தைப் பார்த்தால் எழுத்து என்று தெரியாதா? அதுவும் மூன்று! இருபது வருஷத் தொழில் வாயை முந்திக்கொண்டது. யோசிக்காமல் சொல்லிவிட்டேன்.

“அட, இதுல ஏற்கெனவே பேரு வெட்டியிருக்கே!”

இந்த ஒரு வார்த்தையை நான் சொல்லாமல் இருந்திருக்கலாம். இரண்டு பெண்களும் குனிந்து பார்த்தார்கள். அத்தை மூன்று எழுத்தையும் விரல்விட்டு எண்ணினார். ஊர், அப்பா, பெண். சரியாக இருந்தது.

“அடி ஆத்தீ!” என்றார் அத்தை. “இது எவளோ ஒருத்தியோட சீரு!”

அவ்வளவுதான். ரங்கூன் மாமன் யாரோ ஒரு ஜப்பான்காரியின் சீர்ச் சாமானைப் பழசாக வாங்கி, வைக்கோல் சுற்றி, அக்காள் மகளுக்கு அனுப்பிவிட்டார் என்று முடிவாயிற்று. சீர் வைக்கும் அன்று மாப்பிள்ளை வீட்டார் ஒவ்வொரு சாமானையும் திருப்பிப் பார்த்து எழுத்தைப் படிப்பார்கள். அடுத்தவள் பெயர் போட்ட சாமானை வைத்தால் என்ன ஆகும்? மாமனைக் கேட்கலாம் என்றால் அவர் கப்பலில் வந்துகொண்டிருந்தார். முகூர்த்தத்துக்கு முதல் நாள், சீர் வைக்கிற நேரத்துக்குத்தான் வந்து சேருவார். ஜாடியை ஒளித்துவைத்தால் மாமன் கோபித்துக்கொள்வார். அவர் கோபித்துக்கொண்டால் பெண்ணுக்கு மாலை எடுத்துக்கொடுக்க ஆள் இல்லை.

இதற்குள் அத்தை அந்த ஜப்பான்காரியை விசாரிக்க ஆரம்பித்துவிட்டார். விசாரணை என்றால் தனக்குள்தான். “நல்ல எடத்துப் பொண்ணாத்தான் இருக்கணும். இல்லாட்டி இப்படியாப்பட்ட ஜாடி குடுப்பாகளா?” என்று காலையில் தொடங்கினார். மத்தியானம் அவளுக்கு மூன்று பிள்ளைகள். புருஷன் சரியில்லை. சாயங்காலத்துக்குள் புருஷனைச் சாகடிக்கலாமா என்று யோசித்தார். சீர்ச் சாமான் விஷயத்தில் அது அமங்கலம் என்று அந்த அம்மாள் தடுத்ததால் அவன் பிழைத்தான். பிறகு அந்த அம்மாளே ஒரு யோசனை சொன்னார்.

“அவ விக்கலைங்க. அவ ஓரகத்தி எடுத்து வித்திருப்பா.”

ஜப்பானிலும் ஓரகத்தி உண்டு என்று அந்த நிமிஷத்தில் ஏகமனதாக நிச்சயமாயிற்று. அதற்கப்புறம் அந்த அம்மாளுக்கு ஜப்பான்காரி மேல் வந்த பாசத்தைச் சொல்லி முடியாது. சாப்பிடும்போது கூட, “அவ என்னத்தச் சாப்பிடுறாளோ” என்றார். கல்யாணப் பெண் நான் வேலை செய்கிற இடத்துக்கு வந்து மெதுவாகக் கேட்டாள்.

“ஆசாரியாரே, அதுல எம்பேர வெட்டுனா அந்த அக்கா கோவிச்சுக்குமா?”

“எந்த அக்கா?” என்று கத்தினேன். பிறகு பாவமாக இருந்தது. அந்தப் பெண்ணுக்கு ஜாடி ரொம்பப் பிடித்திருந்தது. போகும்போது, “ஒடஞ்சிராதுல்ல?” என்று கேட்டுவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை அந்த அம்மாள் ஓர் அரத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

“ரொம்ப யோசிச்சுப் பாத்தேங்க. அவ பேர ராவி எடுத்துருங்க. எம்மக பேர வெட்டிருங்க. அவளுக்காகக் கோவில்ல ஒரு தேங்கா ஒடச்சர்றேன்.”

அந்தக் கட்டத்தில் அரத்தை வைத்தால் அடிக்கண்ணாடி முழுவதும் விரிசல் விட்டுவிடும். அடி விட்டால் மேலே பூ விடும், குருவி விடும். மாட்டேன் என்று எழுந்து போய்விடலாம். போனால் அந்த அம்மாளின் உறவில் உள்ள பத்துப் பதினைந்து ஊர்க் கல்யாணமும் அத்தோடு எனக்குப் போயிற்று. வெட்டத் தெரியாத ஆசாரி என்று பெயரும் வரும். வெட்டினால் அந்த ஜாடி போயிற்று. அதைக் கெடுத்த கை இதுதான் என்று ஆயுசு முழுக்க என் கையை நானே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கோபக்காரனுக்கு அழுகை வந்தால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். அரத்தை எடுத்துத் தண்ணீர்த் தொட்டிக்குள் போட்டேன். அவர் வேறு அரம் எடுத்துக்கொண்டு வந்தார்.

நல்லவேளையாக அந்த நேரத்தில் கல்யாணத் துணிமணிகளோடு துணி வியாபாரி மரைக்காயர் வந்து வண்டியை விட்டு இறங்கினார். கோட்டைப்பட்டினத்துக்காரர். வாலிபத்தில் சிங்கப்பூரில் கடை வைத்திருந்தவர். ஜாடியைப் பார்த்ததும் துணி மூட்டையை அப்படியே போட்டுவிட்டு வந்தார். திருப்பி அடியைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

“எங்க கடைக்குப் பக்கத்துக் கடை ஜப்பான்காரரு கடைங்க. இதே மாதிரி அடுக்கி வச்சிருப்பாரு. இது அசல் சாமான்.”

“பேரு இருக்கே” என்றார் அந்த அம்மாள்.

“இருக்கும். அது செஞ்சவரு பேரு.”

முதலில் அத்தை சிரிக்க ஆரம்பித்தார். அப்புறம் அந்த அம்மாள். பந்தல் போட வந்தவர்கள், நெல் அவிக்கிற பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். உண்மையைச் சொல்ல வேண்டும், நானும் சிரித்தேன்.

“செஞ்சவன் பேர எதுக்குங்க போடணும்?” என்றார் அத்தை. “வீட்டுச் சட்டியில கொயவரு பேரா இருக்கு? எங்கழுத்துல கெடக்கிற தாலியில பத்தரு பேரு இருந்தா எம்புருசன் சும்மா இருப்பாரா?”

“இந்தா இருக்கு ஆவுடையார்கோவிலு” என்றார் அந்த அம்மாள். “கல்லைக் கீத்து மாதிரி மெல்லிசா இழைச்சுக் கூரை போட்டிருக்காரே, அந்த மனுசன் பேரு போட்டாரா? இவரு ஒரு ஜாடியப் பண்ணிட்டுப் பேரு போடுறாராக்கும்?”

மரைக்காயருக்குச் சிங்கப்பூரில் கூட இவ்வளவு பெரிய வழக்கு வந்திருக்காது. உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னார். அந்த நாட்டில் முன்பெல்லாம் பெரிய பெரிய பிரபுக்கள் இருந்தார்களாம். வாளுக்கும் உறைக்கும் பூவேலை செய்யவே நூற்றுக்கணக்கான கைவேலைக்காரர்களாம். பிறகு காலம் மாறிற்று. ரயில் வந்தது, ஆலை வந்தது, வாள் கட்டக்கூடாது என்று உத்தரவு வந்தது. “வேலை செஞ்ச கை சும்மா இருக்குமாங்க? கப்பல்ல ஏத்துறதுக்கு ஜாடி செய்ய ஆரம்பிச்சாங்க. வெள்ளைக்கார நாட்டுல பெரிய பொருட்காட்சி வைப்பாங்க. அங்கிட்டுப் பாக்குறவன், ‘இது யாரு செஞ்சது, அவருகிட்டயே இன்னொண்ணு வாங்கு’ன்னு கேக்கணும்ல? அதுக்குத்தான் பேரு.”

“கேக்குறாகளா?” என்றேன். நான் கேட்டேன் என்பதே கேட்டபிறகுதான் எனக்குத் தெரிந்தது.

“கேப்பாங்க. பேரைச் சொல்லித்தான் கேப்பாங்க.”

இதைக் கேட்டு எனக்கு ஏனோ ரொம்பக் கோபம் வந்தது. ஜாடியைத் திருப்பி அந்த மூன்று எழுத்தை மறுபடி பார்த்தேன். நல்ல கை. ஒவ்வொரு கோடும் எங்கே தொடங்கி எங்கே நிற்கவேண்டும் என்று தெரிந்த கை. படிக்கத்தான் முடியவில்லை.

அத்தைக்குக் கொஞ்சம் ஏமாற்றம். ஒரு நாள் முழுக்க வளர்த்த ஜப்பான்காரி, மூன்று பிள்ளைகள், புருஷன், ஓரகத்தி எல்லோரும் ஒரே பேச்சில் இல்லாமல் போய்விட்டார்கள். “எதுக்கும் அந்தத் தேங்காய ஒடச்சிரு” என்று அந்த அம்மாளிடம் சொன்னார்.

ஜாடி தப்பித்தது என்று நான் மூச்சு விட்டேன். விட்டது வீண்.

“சரிங்க மரைக்காயரே” என்றார் அந்த அம்மாள். “செஞ்சவரு பேரு இருக்கட்டும், ராவ வேண்டாம். அப்ப எம்மக பேரு எங்க? ஒரே பேருதான் இருக்கு, அதுவும் அவரு பேரு. நாளைக்கு அவரு வந்து இது என்னோடதுன்னு கேட்டா?”

மரைக்காயர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் துணி மூட்டையை அவிழ்க்கப் போய்விட்டார். வெட்டியே தீர வேண்டும் என்று ஆயிற்று. மறுநாள் மத்தியானத்துக்குள் முடித்தாக வேண்டும், சாயங்காலம் சீர்.

ஜாடியின் அடியைச் சுற்றி அரைவிரல் அகலத்துக்கு ஒரு வெள்ளி வளையம் இருந்தது. கண்ணாடி இல்லாத இடம் அது ஒன்றுதான். ஆனால் அதற்கு மேலேயே கண்ணாடி ஆரம்பம். சுத்தியல் தொட்டால் அதிர்ச்சியில் பொரிந்துவிடும். அதனால் சுத்தியலே இல்லாமல், ஊசி முனை உளியைக் கையாலேயே அழுத்தி, கொஞ்சம் கொஞ்சமாகக் கீறி எடுப்பது என்று தீர்மானித்தேன். அப்படி நான் அதுவரை வெட்டியதில்லை. யாரும் வெட்டிப் பார்த்ததும் இல்லை.

விடிந்ததும் உட்கார்ந்தேன். வீட்டில் சத்தம் கூடாது என்று சொல்லிவிட்டேன். அந்த அம்மாள் அதைத் தன் பாணியில் நிறைவேற்றினார். மாவு இடிக்கிற உலக்கை நின்றது. பந்தல்காலில் ஆணி அடிக்கிறவர்கள் இறங்கி உட்கார்ந்தார்கள். சேவலைக் கூடையில் போட்டு அடுத்த தெருவுக்கு அனுப்பினார்கள். கன்றுக்குட்டி கத்தும் என்று அதைத் தாயோடு விட்டுவிட்டார்கள். அன்றைக்குக் கல்யாண வீட்டில் காப்பிக்குப் பால் இல்லை. புதிதாக வந்து இறங்கிய சொந்தக்காரர்கள் வாசலிலேயே நின்று சைகையில் நலம் விசாரித்துக்கொண்டார்கள். அவர்களில் பாதிப் பேர் வீட்டில் ஏதோ கெட்டது நடந்துவிட்டது என்று நினைத்து முகத்தை அதற்குத் தகுந்த மாதிரி வைத்துக்கொண்டார்கள்.

அத்தையின் பொடி டப்பாவை அந்த அம்மாள் பிடுங்கித் தன் இடுப்பில் செருகிக்கொண்டார். “தும்முனா கொன்னுருவேன்” என்று சைகை காட்டினார்.

முதல் எழுத்து முடிய ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. இரண்டாவது அதற்கும் மேல். கட்டைவிரல் தோல் உரிந்துவிட்டது. சுற்றி நின்றவர்கள் யாரும் மூச்சு விட்டதாகத் தெரியவில்லை. மூன்றாவது எழுத்தில் கடைசி வளைவு. உளியைத் தள்ளிக்கொண்டு வருகிறேன். அந்த நேரத்தில் பொடி டப்பாவுக்குள் அப்படி என்னதான் இருக்கிறது என்று அந்த அம்மாளுக்கு அறிந்துகொள்ளத் தோன்றியிருக்கிறது. திறந்து முகர்ந்து பார்த்தார்.

அப்படி ஒரு தும்மலை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. உளி வழுக்கிற்று. எழுத்தின் வாலிலிருந்து ஒரு கோடு விருட்டென்று மேலே ஓடி, கண்ணாடிக்கு நூலிழை முன்னால் நின்றது.

“போச்சா?” என்று அந்த அம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டார். கண்ணில் தண்ணீர் வழிந்தது. பொடியாலா பயத்தாலா என்று தெரியாது.

கண்ணாடி போகவில்லை. ஆனால் எழுத்து போயிற்று. என் எழுத்தில் ஒரு கோணல்! அதுவும் அந்த ஜாடியில், அந்தக் கை எழுதிய மூன்று எழுத்துக்குப் பக்கத்தில். கத்தலாம் என்று வாயைத் திறந்தேன். கத்தவில்லை. மேலே தொங்குகிற பூங்கொத்தைப் பார்த்தேன். அதன் ஓரத்தில் ஒரு சின்ன இலை பாதி மடிந்து நின்றது. வழுக்கிய கோட்டை நடு நரம்பாக வைத்துக்கொண்டு இந்தப் பக்கம் ஒரு வளைவு, அந்தப் பக்கம் ஒரு வளைவு கீறினேன். மேலேயிருந்து ஓர் இலை உதிர்ந்து வந்து பெண்ணின் எழுத்தின் மேல் உட்கார்ந்தது போல் ஆயிற்று. நான் எழுத்தைத் தவிர வேறொன்றை வெட்டியது அதுதான் முதல் தடவை. என் கைக்கு இது தெரியும் என்று எனக்கே தெரியாது.

சாயங்காலம் பந்தலில் சீர் பரப்பினார்கள். ரங்கூன் மாமன் வந்து இறங்கியவர் நேராக ஜாடியிடம் போனார். தூக்கி, திருப்பி, வளையத்தைப் பார்த்து, இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார்.

“அக்கா! வெள்ளைக்காரன் இதைக் கண்ணாடி அலமாரியில வச்சுப் பூட்டுறான். இதுலயா கரண்டிக்கு வெட்டுற மாதிரி வெட்டுனீங்க? எவன் வெட்டுனது?”

நான் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

அதற்குள் மாப்பிள்ளையின் பெரியப்பா சாமான்களைப் படித்துக்கொண்டே அந்த வரிசைக்கு வந்துவிட்டார். திருக்கோகர்ணத்துக்காரர். புதுக்கோட்டை அரண்மனையில் சாமான் அறைக்குப் பொறுப்பாக இருந்து ஓய்வு பெற்றவர். கையில் ஒரு பூதக்கண்ணாடி. மாமன் கையிலிருந்து ஜாடியை வாங்கி, அடியைப் பார்த்தார்.

“இதென்ன கட்டத்துக்குள்ள? யாரு பேரு?”

“செஞ்சவரு பேருங்க” என்றார் அந்த அம்மாள், பிறந்ததிலிருந்து தெரியும் என்கிற மாதிரி. “அங்கிட்டெல்லாம் செஞ்சவங்க பேரப் போடுறதுதாங்க வழக்கம். அப்பத்தான் பாக்குறவங்க கேட்டு வாங்குவாங்க.”

அத்தை வாயைப் பிளந்துகொண்டு அவரைப் பார்த்தார்.

பெரியப்பா பூதக்கண்ணாடியை வளையத்தின் மேல் நகர்த்தினார். எழுத்தைப் படித்தார். இலையின் மேல் கண்ணாடி நின்றுவிட்டது. ரொம்ப நேரம் நகரவில்லை.

“சுத்தியல் தொடாம வெட்டியிருக்கு” என்றார். “அரண்மனையில கூட இப்படிப் பாத்ததில்ல. செஞ்சவரு பேரு கீழ இருக்கு, சரி. இந்த எழுத்தையும் எலையையும் போட்டவரு யாரு?”

“எங்க ஆசாரியாருதாங்க” என்றார் அந்த அம்மாள் பெருமையாக. தூணுக்குப் பின்னாலிருந்து என் கையைப் பிடித்து இழுத்து முன்னால் நிறுத்தினார்.

“ஆசாரியாருங்கிறது தெரியுது. பேரென்ன?”

அந்த அம்மாள் வாயைத் திறந்தார். மூடினார். அத்தையைப் பார்த்தார். அத்தை மாமனைப் பார்த்தார். மாமன், தான் ரங்கூனில் இருப்பவன் என்பது போல வேறு பக்கம் பார்த்தார். அவர்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறைப் பெயரையும் நான் எழுத்து எழுத்தாகச் சொல்லுவேன்.

“ஏங்க” என்றார் அந்த அம்மாள், என் பக்கம் சாய்ந்து, மெதுவாக. “ஒங்க பேரு என்னங்க?”

இந்தக் கேள்வியைத் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து நான்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். என்னை யாரும் கேட்டதில்லை. வாய் இரண்டு தடவை தடுக்கிற்று. மூன்றாவது தடவை, கொஞ்சம் சத்தமாகவே, சொன்னேன்.

அத்தை அதை ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

“நல்ல பேராத்தான் இருக்கு” என்றார். “இத்தன வருசமா இதை எங்க வச்சிருந்தீங்க?”

பந்தல் முழுவதும் சிரித்தது.